தொடக்கப் பள்ளி விளையாட்டு விழா: முதன்முறை பொறுப்பேற்பவருக்கு ஒரு வழிகாட்டி

"இந்த ஆண்டு விளையாட்டு விழாவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தலைமை ஆசிரியர் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். போன ஆண்டு யார் என்ன செய்தார்கள், எவ்வளவு செலவானது, பதக்கம் எத்தனை வாங்கினார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கோப்பு இருக்காது. நான் இந்த வேலையை ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன். புதிதாக வருபவர்கள் அந்த அலைச்சலைப் பட வேண்டாம் என்றே இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கான விழா இது. இங்கே யார் முதலிடம் என்பது சிறிய விஷயம். ஒரு குழந்தைகூட ஓடாமல் வீடு திரும்பக் கூடாது. யாரும் வெயிலில் மணிக்கணக்காக வரிசையில் நிற்கக் கூடாது. கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த இரண்டுக்காகத்தான்.

1. தேதி, மைதானம்: இரண்டு மாதம் முன்பே

தேர்வுகளுக்கு முந்தைய இரண்டு வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். கடும் வெயில் மாதங்களையும் மழைக் காலத்தையும் தள்ளிவைத்தால் மிச்சமிருப்பது சில வாரங்கள்தான். அதில் ஒரு தேதியோடு நிற்காமல் மாற்றுத் தேதி ஒன்றையும் குறித்து, இரண்டையும் ஒரே சுற்றறிக்கையில் பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள். மழை வந்த பிறகு மாற்றுத் தேதி தேடினால் மைதானமும் கிடைக்காது, ஒலிபெருக்கிக்காரரும் கிடைக்க மாட்டார்.

மைதானம் பள்ளிக்குச் சொந்தமில்லை என்றால் அனுமதிக் கடிதத்தில் இவையெல்லாம் இருக்க வேண்டும்: தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், வருவோர் எண்ணிக்கை, ஒலிபெருக்கி வைக்கும் விவரம், கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கும், சேதம் ஏற்பட்டால் யார் பொறுப்பு. பலர் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. விழா நாளுக்கு மட்டும் அனுமதி வாங்கியிருப்பார்கள். முந்தைய நாள் மாலை கோடு போடப் போனால் கதவு பூட்டியிருக்கும். ஆகவே முந்தைய நாள் மாலையையும் சேர்த்தே எழுதுங்கள். வாய்மொழி அனுமதியை நம்ப வேண்டாம். கையெழுத்தும் முத்திரையும் உள்ள பதில் கைக்கு வரும்வரை அழைப்பிதழ் அச்சிடாதீர்கள்.

மைதானத்தை நடந்தே பாருங்கள். கண்ணாடிச் சில்லு, கல், மண் மூடிய குழி ஆகியவை நின்று பார்த்தால் தெரியாது. வெற்றிக் கோட்டுக்கு அப்பால் குறைந்தது பதினைந்து மீட்டர் வெற்றிடம் வேண்டும். சுவரை நோக்கி ஓடும் பாதை எந்த வகுப்புக்கும் கூடாது. காலையில் நடக்கும் பந்தயங்கள் கிழக்கு நோக்கி அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணில் வெயில் அடித்தால் சின்னஞ்சிறுவர்கள் தலையைக் குனிந்து ஓடிப் பக்கத்துப் பாதைக்குப் போய்விடுவார்கள்.

2. காத்திருக்கும் நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

திட்டமிடலில் மிக முக்கியமான படி இது. பெரும்பாலோர் செய்யாமல் விடுவதும் இதைத்தான்.

240 குழந்தைகள் இருக்கிறார்கள், ஆறு ஓடுபாதைகள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் ஒரு முறை ஓட வேண்டுமானால் 40 சுற்றுகள். ஐம்பது மீட்டரைக் குழந்தைகள் சில நொடிகளில் ஓடி முடித்துவிடுவார்கள். ஆனால் பெயர் கூப்பிட்டு, வரிசையில் நிறுத்தி, அவிழ்ந்த காலணியைக் கட்டிவிட்டு, விசில் ஊதி, இடங்களைக் குறித்து முடிப்பதற்குள் மூன்று நிமிடம் ஓடிவிடும். 40 சுற்றுகளுக்கு 120 நிமிடம். ஒரே ஒரு பந்தயத்துக்கு இரண்டு மணி நேரம்! இதுபோல நான்கு பந்தயம் நிகழ்ச்சி நிரலில் இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு, தகுதிச் சுற்றுகளை முன்கூட்டியே விளையாட்டுப் பாடவேளையில் நடத்திவிட்டு, விழா அன்று இறுதிப் போட்டிகளை மட்டும் வைத்துக்கொள்வது. நேரம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் தேர்வாகாத குழந்தைகள் நாள் முழுக்கக் கைதட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுடைய அப்பா அம்மாவும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருப்பார்கள். எனக்கு இந்த ஏற்பாடு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை.

நான் பரிந்துரைப்பது இரண்டு முறைகளைக் கலந்து செய்வது.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குச் சுழல்முறை. மைதானத்தில் ஆறு இடங்களில் ஆறு விளையாட்டுகளை அமையுங்கள்: நின்ற நிலையில் நீளம் தாண்டுதல், வளையத்துக்குள் பந்து எறிதல், தவளைத் தாவல், கூம்புகளுக்கு இடையே வளைந்து ஓடுதல், சாக்கு ஓட்டம், பந்தைக் கைமாற்றும் தொடர் ஓட்டம். குழந்தைகளை ஆறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம், அடுத்த இடத்துக்கு நகர இரண்டு நிமிடம். மொத்தம் 72 நிமிடத்தில் எல்லாக் குழந்தைகளும் ஆறு விளையாட்டுகளையும் ஆடி முடித்துவிடுவார்கள். ஒவ்வொரு குழுவோடும் ஓர் ஆசிரியர் கூடவே நகர வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் நிலையாக நிற்க வேண்டும். உலகத் தடகள அமைப்பின் குழந்தைகள் தடகளத் திட்டமும் ஏறக்குறைய இந்த அடிப்படையில்தான் இருக்கிறது. சிறுவரும் சிறுமியரும் கலந்த குழுக்கள், ஒவ்வொருவரின் முயற்சியும் குழுவின் மதிப்பெண்ணில் சேரும்.

மூன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு ஓட்டப் பந்தயம் வையுங்கள். ஆனால் சுற்றுகளை வருகைப் பதிவேட்டு வரிசையில் பிரிக்காதீர்கள். இரண்டு வாரம் முன்பு எல்லாரையும் ஒரு முறை ஓடவைத்து, ஏறக்குறைய ஒரே வேகமுள்ள ஆறு பேரை ஒரு சுற்றில் போடுங்கள். ஒரே வகுப்பில் கிட்டத்தட்ட ஓராண்டு மூத்த குழந்தையும் இளைய குழந்தையும் இருக்கிறார்கள். எட்டு வயதில் அந்தச் சில மாதங்கள் உயரத்திலும் வேகத்திலும் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். வேகம் பார்த்துப் பிரித்தால் எந்தச் சுற்றும் கடைசி அடிவரை விறுவிறுப்பாக இருக்கும். வழக்கமாகப் பின்தங்கும் குழந்தைக்கும் தன் சுற்றில் முதலாவதாக வரும் வாய்ப்பு கிடைக்கும்.

மாற்றுத்திறன் உள்ள குழந்தைகள் இருந்தால் நீங்களாக எதையும் முடிவு செய்யாதீர்கள். அந்தக் குழந்தையிடமும் வீட்டாரிடமும் முதலிலேயே பேசுங்கள். காது கேளாத குழந்தைக்கு விசிலோடு கொடியசைப்பும் போதும். பார்வைக் குறைபாடு உள்ள குழந்தை, கையில் குட்டைக் கயிற்றைப் பிடித்தபடி துணை ஓட்டக்காரரோடு ஓடலாம். பாராலிம்பிக் போட்டிகளிலேயே அப்படித்தான் ஓடுகிறார்கள்.

3. காகிதங்கள்: ஆறு வாரம் முன்பு தொடங்குங்கள்

பெற்றோர் ஒப்புதல் படிவம் ஒரே பக்கத்தில் அடங்கட்டும். அதில் கேட்க வேண்டியவை: ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், ஒவ்வாமை ஏதேனும் உண்டா, மருந்து எடுக்கிறதா, அவசரத்துக்கு அழைக்க இரண்டு தொலைபேசி எண்கள், விழா முடிந்ததும் குழந்தையை அழைத்துப் போகப்போவது யார், புகைப்படம் எடுக்கச் சம்மதமா. கடைசிக் கேள்வியைத் தனி வரியாகக் கேளுங்கள். ஓடச் சம்மதிக்கும் பெற்றோர் படம் வெளியிடுவதற்குச் சம்மதிக்காமல் இருக்கலாம். படத்தோடு குழந்தையின் பெயரைச் சேர்த்து எங்கும் போட வேண்டாம்.

படிவத்தைத் திருப்பித் தரக் கடைசி நாளாக, விழாவுக்கு மூன்று வாரம் முந்தைய தேதியைக் குறியுங்கள். எப்படியும் சிலர் தர மாட்டார்கள். அவர்களைத் துரத்திப் பிடிக்க இன்னும் பத்து நாள் வேண்டியிருக்கும். படிவம் வரவில்லை என்பதற்காகக் குழந்தையை ஓரமாக உட்காரவைப்பது கொடுமை. வகுப்பு ஆசிரியர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டால் பெரும்பாலும் மறுநாளே வந்துவிடும்.

படிவங்கள் எல்லாம் வந்ததும் உடல்நலக் குறிப்புகளை மட்டும் தனித் தாளில் தொகுத்து இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று முதலுதவி மேசைக்கு, மற்றது உங்கள் கைக்கு. முழுப் படிவக் கட்டையும் அலுவலக அலமாரியில் பூட்டிவைத்தால் தேவைப்படும் நேரத்தில் பயன்படாது.

இவை தவிர, அருகிலுள்ள மருத்துவமனைக்குத் தகவல் கடிதம், ஒலிபெருக்கிக்கு அனுமதி தேவைப்படும் இடத்தில் அந்த விண்ணப்பம், பள்ளிக்குக் காப்பீடு இருந்தால் அது வெளி மைதானத்துக்கும் செல்லுமா என்ற எழுத்துப்பூர்வமான பதில். இந்த மூன்றுக்கும் பதில் வரச் சில வாரம் ஆகலாம். ஒப்புதல் படிவம் அனுப்பும் நாளிலேயே இவற்றையும் அனுப்பிவிடுங்கள்.

4. செலவு

பணம் போகும் இடங்கள்: மைதான வாடகையும் முன்பணமும், ஒலிபெருக்கி, நிழற்பந்தல், குடிநீர், கோடு போடும் தூள், பதக்கம், சான்றிதழ் அச்சு, முதலுதவிப் பொருள்கள், வெளி மைதானம் என்றால் போக்குவரத்து, மறுநாள் துப்புரவு. மதிப்பீட்டுத் தொகைக்கு மேல் பத்து சதவீதம் தனியே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய செலவுகளுக்கு இரண்டு, மூன்று இடங்களில் விலைப்பட்டியல் வாங்குங்கள். எந்த முன்பணத்தையும் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

பதக்கக் கணக்கில்தான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். மூன்று வகுப்புகள், ஆண் பெண் எனத் தனித்தனியாக இரண்டு பிரிவு, நான்கு தனிநபர் போட்டி, மூன்று இடங்கள் என்றால் 3 × 2 × 4 × 3 = 72 பதக்கம். தொடர் ஓட்டத்தில் ஓர் அணிக்கு நான்கு பேர் என்பதால் ஒரு பந்தயத்துக்கே பன்னிரண்டு பதக்கம் வேண்டும் என்பதை மறந்துவிடுவார்கள். அதற்கு மேல், இருவர் ஒரே இடத்தைப் பிடிக்கும் சந்தர்ப்பத்துக்காகச் சில உபரிப் பதக்கங்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் பட்ஜெட்டில் பாதி இதற்கே போவது தெரியும். எனது கருத்து, சுழல்முறை ஆடும் சின்ன வகுப்புகளுக்குப் பதக்கமே வேண்டாம். எல்லாருக்கும் பங்கேற்புச் சான்றிதழ் கொடுங்கள். அதில் மிச்சமாகும் பணத்தை நிழலுக்கும் தண்ணீருக்கும் போடுங்கள்.

சான்றிதழில் பெயரை அச்சிட வேண்டாம். பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டு அச்சடித்து, வகுப்பு ஆசிரியர் கையால் எழுதட்டும். முதலெழுத்து தவறிய சான்றிதழைக் குழந்தை வாங்கிப் பார்க்கும் முகத்தை நீங்கள் பார்க்க நேரக் கூடாது.

பங்கேற்பதற்கு என்று குழந்தைகளிடம் பணம் வசூலிக்க வேண்டாம். அணிவாரியாக வண்ணச் சட்டை வாங்கச் சொல்வதும் வசூல்தான். மணிக்கட்டில் கட்டும் வண்ண நாடா போதும். அணி தெளிவாகத் தெரியும்.

5. கோடு போடுதல்: முந்தைய நாள் மாலை

கோடு போட நீற்றிய சுண்ணாம்பைப் பயன்படுத்தவே கூடாது. பழைய பழக்கமாகச் சில இடங்களில் இன்றும் அதைத்தான் கொட்டுகிறார்கள். அது கடுமையான காரப் பொருள். கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். விழுந்தெழும் குழந்தையின் முட்டிக் காயத்தில் பட்டாலும் புண்ணாக்கும். கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்பார், ஒன்றல்ல. கால்சியம் கார்பனேட் தூள், அதாவது சாக்கட்டி மாவு என்று கேட்டு, மூட்டையின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

தடகள விதிப்படி ஓர் ஓடுபாதையின் அகலம் 1.22 மீட்டர். சின்னக் குழந்தைகள் நேராக ஓட மாட்டார்கள், ஆகவே இடம் இருந்தால் 1.5 மீட்டர் விடுங்கள். ஆறு பாதைக்கு ஒன்பது மீட்டர் அகலம் வேண்டும்.

தொடக்கக் கோடு பாதைக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால் ஓரப் பாதைக் குழந்தை கூடுதல் தூரம் ஓட வேண்டியிருக்கும். கண்ணால் பார்த்து இதைச் சரிசெய்ய முடியாது. அளவு நாடாவை எடுத்து, பாதையின் ஓரக் கோட்டில் மூலையிலிருந்து நான்கு மீட்டரில் ஒரு முளை அடியுங்கள். தொடக்கக் கோடு போகும் திசையில் அதே மூலையிலிருந்து மூன்று மீட்டரில் இன்னொரு முளை. இரண்டு முளைகளுக்கும் இடையே குறுக்காக அளந்தால் சரியாக ஐந்து மீட்டர் வர வேண்டும். வரவில்லை என்றால், வரும்வரை மூன்று மீட்டர் முளையை நகர்த்துங்கள். மூலை கச்சிதமான செங்கோணமாகிவிடும்.

வளைவுப் பாதையில் ஓட்டம் வைக்க ஆசைப்படாதீர்கள். ஒரு மீட்டர் அகலப் பாதையில், ஓர் அரைவட்ட வளைவுக்கு ஒவ்வொரு வெளிப்பாதையும் உட்பாதையைவிட 3.14 மீட்டர் நீளம். அந்த அளவுக்குத் தொடக்க இடங்களை முன்னே தள்ளிக் குறிக்காவிட்டால் பந்தயம் நியாயமாக இராது. தொடர் ஓட்டத்தைக்கூட எதிரெதிரே நின்று மாற்றிக்கொள்ளும் வகையில் நேர்ப்பாதையிலேயே வையுங்கள்.

6. நடுவர்கள்

வெற்றிக் கோட்டில் நின்று எல்லாரும் முதலாவது வந்த குழந்தையையே பார்த்தால் மூன்றாவதாக வந்தது யார் என்று சண்டை வரும். ஒருவர் முதலிடத்தை மட்டும், இன்னொருவர் இரண்டாமிடத்தை மட்டும், மற்றொருவர் மூன்றாமிடத்தை மட்டும் பார்க்க வேண்டும். கோட்டைக் கடப்பது உடம்பின் நடுப்பகுதிதான் என்பதை அவர்களுக்குச் சொல்லிவையுங்கள். நீட்டிய கையும் தலையும் கணக்கில்லை.

குழந்தை கோட்டைக் கடந்ததும் இட எண் எழுதிய அட்டையை நடுவர் அதன் கையில் கொடுத்து, தோளில் கைவைத்துப் பதிவு மேசைக்குத் தானே அழைத்துப்போக வேண்டும். அட்டையோடு தனியாக அனுப்பினால் அது அம்மாவைத் தேடி ஓடிவிடும்.

சின்னக் குழந்தைகள் வெற்றி நாடாவைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து நின்றுவிடுவார்கள். சிலர் நாடாவைக் கையால் பிடித்துக்கொள்வார்கள். நாடாவே வேண்டாம். வெற்றிக் கோட்டிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி வரிசையாக வண்ணக் கொடி நட்டு, "கொடியைத் தொட வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள். கோட்டை முழு வேகத்தில் கடப்பார்கள்.

தொடக்கப் பள்ளிக்கு நிறுத்துக் கடிகாரம் தேவையில்லை. வைத்தே தீர வேண்டும் என்றால் விசில் ஒலியைக் கேட்டு அழுத்தாமல் கொடியசைப்பைப் பார்த்து அழுத்தச் சொல்லுங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும் என்பதால் ஐம்பது மீட்டரைக் கடக்கவே சுமார் 0.15 நொடி ஆகிவிடும்.

கயிறு இழுத்தல் வைப்பதாக இருந்தால் கையிலோ இடுப்பிலோ கயிற்றைச் சுற்ற யாரையும் விடாதீர்கள். 1997ஆம் ஆண்டு தைபேயில் 1,600 பேர் இழுத்த நைலான் கயிறு அறுந்து, இருவரின் கை துண்டானது. குழந்தைகளுக்குத் தடித்த பருத்திக் கயிறு, அணிக்கு எட்டு பேர், அவ்வளவே. பெற்றோரும் ஆசிரியர்களும் இழுக்கும் போட்டிக்கு அதே கயிற்றைப் பயன்படுத்த வேண்டாம்.

7. முதலுதவி மேசை

நிழலில், எல்லார் கண்ணுக்கும் தெரியும் இடத்தில், முதலுதவிப் பயிற்சி பெற்ற ஒருவர் நாள் முழுக்க இருக்க வேண்டும். அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள். ஆஸ்துமா உள்ள குழந்தையின் இன்ஹேலர் புத்தகப் பையில் இருக்கக் கூடாது. பெயர் ஒட்டி இந்த மேசையில் இருக்க வேண்டும்.

அடிக்கடி நடப்பவை சில. மூக்கில் இரத்தம் வந்தால் தலையை முன்பக்கம் சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடித்திருக்க வேண்டும். தலையை அண்ணாந்து பார்க்கச் சொல்லாதீர்கள். இரத்தம் தொண்டைக்குள் போகும். புதிதாக முளைத்த நிலைப்பல் விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுத்து, பாலில் போட்டு, முடிந்தால் அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். பால்பல் என்றால் திரும்பப் பொருத்த வேண்டியதில்லை. தலையில் அடிபட்ட குழந்தை நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் அன்று மறுபடி ஓடக் கூடாது. வீட்டாருக்குத் தகவல் போக வேண்டும். வெயிலில் தலைசுற்றல், வாந்தி என்றால் நிழலுக்குக் கொண்டுபோய்க் குளிர்வியுங்கள். பேச்சு குழறினாலோ மயங்கினாலோ உடனே மருத்துவமனைதான்.

தண்ணீர், ஒரு குழந்தைக்குக் குறைந்தது அரை லிட்டர் என்று கணக்கு வையுங்கள். வெயில் கடுமை என்றால் இரட்டிப்பு. தாகம் என்று கேட்கும்வரை காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஆசிரியரே குடிக்கச் சொல்ல வேண்டும். ஆட்டத்தில் மூழ்கிய குழந்தை கேட்காது.

8. விழா நாள்

வெயில் ஏறுவதற்கு முன் ஓட்டங்களை முடித்துவிடுங்கள். பேச்சும் பரிசளிப்பும் பிறகு, நிழலில். சிறப்பு விருந்தினர் தாமதமானால் அவருக்காகக் குழந்தைகளை நிறுத்திவைக்க வேண்டாம். "குறித்த நேரத்துக்குச் சுழல்முறை விளையாட்டுகள் தொடங்கிவிடும்" என்று அழைப்பிதழிலேயே போட்டுவிட்டால் உங்களுக்குச் சங்கடம் இல்லை. அணிவகுப்பு பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

பெற்றோர் நிற்கும் இடத்தைக் கயிறு கட்டிப் பிரித்துவிடுங்கள். கைப்பேசியோடு வெற்றிக் கோட்டுக்குள் வருபவர்கள் மீது குழந்தைகள் மோதி விழுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. தன் பிள்ளையின் சுற்று வரும்போது மட்டும் படமெடுக்க ஓரிடம் ஒதுக்கிக் கொடுத்தால் யாரும் கயிற்றைத் தாண்ட மாட்டார்கள்.

குழந்தைகளின் தலைகளை வருகையில், நடுவில், கலையும் முன் என மூன்று முறை எண்ணுங்கள். படிவத்தில் பெயர் இல்லாதவரிடம் குழந்தையை ஒப்படைக்க வேண்டாம். தெரிந்த முகமாகவே இருந்தாலும் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு.

9. முடிந்த பின் ஒரு வாரத்துக்குள்

ரசீதுகளை ஒட்டிக் கணக்கை ஒப்படையுங்கள். மைதான முன்பணத்தைத் திரும்பப் பெறுங்கள். மாதம் கடந்தால் கேட்டு அலைய வேண்டியிருக்கும். சிறு காயமானாலும் யாருக்கு, எப்படி, என்ன செய்தோம் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுங்கள். கூம்பு, கொடி, சாக்கு ஆகியவற்றை எண்ணி ஒரே பெட்டியில் போட்டு, பட்டியலை மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். அனுமதிக் கடிதம், படிவ மாதிரி, பதக்கக் கணக்கு, உண்மையில் ஆன செலவு, ஒவ்வொரு பந்தயமும் எடுத்துக்கொண்ட நேரம் ஆகியவற்றை ஒரு கோப்பில் வைத்து, அடுத்த ஆண்டையும் பள்ளியின் பெயரையும் மேலே எழுதி, தலைமை ஆசிரியரின் அலமாரியில் வையுங்கள்.